வரையாமல் விட்ட இடத்தையும் பாருங்கள்

"அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது!" ஓவியக் கண்காட்சிகளில் எங்கள் காதில் அதிகம் விழும் பாராட்டு இது. சிரித்துவைப்போம், வேறென்ன செய்வது? நீர்வண்ண நிலக்காட்சியில் ரசிக்க அதைவிட நிறைய இருக்கிறது.

காவிரி டெல்டாவை வரைவது லேசுப்பட்ட வேலை இல்லை. மலை கிடையாது, மேடு கிடையாது. திருவையாற்றைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். தொடுவானத்தைத் தாளின் நட்டநடுவே போட்டால் படம் இரண்டு துண்டாகிவிடும். ஆகவே வானமா, வயலா என்று ஓவியர் முதலிலேயே முடிவு செய்கிறார். ஐப்பசி மேகம்தான் முக்கியமென்றால் கோடு கீழே இறங்கும். நடவு வயலில் தேங்கிய நீர் என்றால் மேலே ஏறும். பிறகு, படுத்துக்கிடக்கும் கோடுகளுக்கு எதிராக நிமிர்ந்து நிற்க ஒரு பனை, கண்ணைச் சாய்வாக உள்ளே இழுக்க ஒரு வாய்க்கால் வரப்பு. நிஜத்தில் அந்தப் பனை பத்தடி தள்ளி நின்றிருக்கலாம். நகர்த்தும் உரிமை ஓவியருக்கு உண்டு.

கோயில்தான் ஆபத்து. தஞ்சையின் 216 அடி விமானத்தை ஓரத்தில் சின்னதாக வைத்தாலும் பார்வை அங்கேயே போய் நின்றுவிடும், வயல் வீண். 1792-இல் தஞ்சைக்கு வந்த ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் பெரிய கோயிலையே பொருளாக எடுத்து வரைந்தார்கள். அது நேர்மையான வழி.

இப்போது படத்துக்குக் கிட்டே போங்கள். வயலில் நிற்கும் கொக்கு பெரும்பாலும் வெள்ளைச் சாயத்தில் தீட்டியதாக இருக்காது; அது வெறும் காகிதம். சுற்றிலும் பச்சையைப் பூசும்போதே கழுத்தின் வளைவை விட்டுவிட்டு வந்திருப்பார். வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர்த்திக்குப் போகும் முறை இது. ஒருமுறை கறுத்த இடத்தைப் பழையபடி வெளுக்க வைப்பது கடினம். கழுத்தின் ஒரு விளிம்பு கூர்மையாக இருக்கும், மறுவிளிம்பு ஈரத்தில் கரைந்து பச்சையோடு கலந்திருக்கும். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை அந்த இரண்டு விளிம்புகளே சொல்லிவிடும். கீற்றுக் கீற்றாக எண்ணித் தீட்டிய தென்னையைவிட இந்தக் கொக்கு எனக்குப் பெரிது.

டெல்டா படங்களில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பயிர், வாழை, தென்னை எல்லாமே பச்சை. நிறத்தில் வேறுபாடு இருந்தும் அடர்த்தியில், அதாவது எது வெளிறியது, எது கறுத்தது என்பதில், இல்லையென்றால் வடிவங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணை இடுக்கிப் பாருங்கள், அல்லது செல்பேசியில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். எல்லாம் ஒரே சாம்பலானால் பனை நிற்கவில்லை என்று பொருள். விலை கேட்பதற்கு முன் ஒருமுறை செய்து பாருங்கள். அனுமதி கேட்டுவிட்டுப் படமெடுத்தால் எந்த ஓவியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.