தம்ளர் விளிம்பில் நான்கு காதுகள் எழுவது ஏன்?

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அலுமினியப் பாத்திரம் அடிக்கும் பிரஸ் பட்டறையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், சரியான வட்டமா வெட்டின சர்க்கிளைத்தான் டையில வைக்கிறோம். பஞ்ச் இறங்கி தம்ளர் வெளியே வந்தா விளிம்பு மட்டமா இல்ல. நாலு இடத்துல மேடு, நடுவுல நாலு பள்ளம். புது லாட் தகடு வந்ததுலேருந்து ரொம்ப அதிகம். எல்லாரும் டை ஃபிட்டரைத் திட்டுறாங்க. கண்ணு பட்டுடுச்சுன்னு எலுமிச்சம்பழமும் கட்டியாச்சு. நெஜமா எதுதான் காரணம்?"

இந்த மேடுகளைத்தான் காதுகள் என்பார்கள். நான்கு மேடும் ஏறக்குறைய ஒரே உயரம், சம இடைவெளி என்றால் பெரும்பாலும் காரணம் தகட்டுக்குள்தான் இருக்கிறது. ஃபிட்டரைத் திட்டுவது அநியாயம்.

உலோகம் என்பது நுண்ணிய படிகத் துகள்களின் நெருக்கமான கூட்டம். அலுமினியப் படிகத்தில் அணு அடுக்குகள் நினைத்த பக்கமெல்லாம் நழுவாது; 4 தளங்கள், தளத்துக்கு 3 திசைகள், ஆக 12 வழிகள்தான். உருளைகளுக்கு இடையே தகடு நசுங்கும்போது துகள்கள் இப்படி நழுவுகின்றன. நழுவும்போதே மெல்லத் திரும்பவும் செய்கின்றன. கடைசியில் பெரும்பாலான துகள்கள் குறிப்பிட்ட சில திசைகளைச் சுற்றி வந்து நிற்கும். இதைத்தான் டெக்ஸ்சர் என்கிறார்கள்.

எந்தத் திசைகள்? 1938-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். பக்கத்துத் துகளோடு இடைவெளி விழாமல் இருக்க, ஒவ்வொரு துகளும் தகடு முழுவதும் மாறும் அதே விகிதத்தில் உருமாற வேண்டும். அதற்கு ஒன்றையொன்று சாராத 5 நழுவல்கள் தேவை. அருமையான கணக்கு. ஆனால் கடுமையாக உருட்டிய செம்பு, அலுமினியத் தகடுகளின் முக்கியமான ஒரு திசையில் அது சற்றுப் பிசகியது. படிகத்தின் கனசதுர முகம் தகட்டின் தளத்திலிருந்து சுமார் 27 பாகை சாய்ந்திருக்கும் என்றது கணக்கு. அளந்து பார்த்தால், உருட்டல் கூடக்கூட அந்தச் சாய்வு 35 பாகையை நோக்கிப் போனது.

இந்த 8 பாகைக்கான விடை துகளின் வடிவத்தில் இருந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

50 மைக்ரான் அளவுள்ள, எல்லாப் பக்கமும் ஒத்த ஒரு துகளை எடுத்துக்கொள்ளுங்கள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தகட்டைப் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு உருட்டினால் துகளும் 5 மைக்ரான் தடிமனாகும். பருமன் மாறாது, அகலமும் அதிகம் மாறாது. ஆகவே நீளம் 500 மைக்ரான். நீளம் இப்போது தடிமனைப் போல நூறு மடங்கு! வெற்றிலைக் கவுளியில் இலைமேல் இலை கிடப்பதுபோல இந்தத் தட்டைத் துகள்கள் அடுக்கிக் கிடக்கின்றன. நடு இலை ஒன்றைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மேலும் கீழும் எந்த இடைவெளியும் விழாது. ஓரம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

துகளிலும் அதேதான். அதன் மேல்முகம் கீழ்முகத்தைவிட உருட்டும் திசையில் சற்று முன்னே சரிந்தால், அந்த முகம் முழுக்க ஒரே அளவு நகர்கிறது. மேலே இருக்கும் துகளோடு ஒட்டு விடாது. பொருத்தம் கெடுவது இரு முனைகளில் மட்டுமே; அவையோ வெறும் 5 மைக்ரான் உயரம். உருண்டைத் துகளில் முனைகளும் முகத்தளவு பெரியவை என்பதால் அங்கே இந்தச் சரிவுக்கு இடமே இல்லை. தட்டையானதும் கட்டுப்பாடு தளர்கிறது: 5 நழுவல்கள் கட்டாயமில்லை, 4 போதும், மிகத் தட்டையானால் 3-கூடப் போதும். நழுவல் மாறினால் திரும்பும் திசையும் மாறும். ஹோனெஃப், மெக்கிங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1978-இல் இந்தத் தளர்வைக் கணக்கில் சேர்த்தபோது சாய்வு 35 பாகைக்கு வந்தது. உருட்டல் துகளின் வடிவத்தை மாற்றுகிறது, அந்த வடிவம் படிகம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையே மாற்றுகிறது!

இனி உங்கள் தம்ளர். துகள்கள் குறிப்பிட்ட திசைகளில் நிற்பதால் தகடு எல்லாப் பக்கமும் ஒரே அளவு நீளாது; அதிகம் நீளும் இடத்தில் காது எழும். உருட்டல் டெக்ஸ்சர் மிகுந்த தகடு, உருட்டிய திசைக்கு 45 பாகையில் காதுகளை எழுப்பும். சூளையில் (உருகாமல்) சூடாக்கியதும் கனசதுர முகம் தகட்டோடு படுத்த புதுத் துகள்கள் வளரும். அவை 0, 90 பாகைகளில் எழுப்பும். ஆலைகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்ட முயல்கின்றன. புது லாட்டில் அந்தச் சமன் தவறியிருக்கலாம்.

இந்த டெக்ஸ்சரை எக்ஸ்-கதிரால் அளக்க முடியும். கல்பாக்கத்தில் அணு உலைக்கான உலோகங்களை ஆராயும் பெரிய மையமே இருக்கிறது. ஆனால் சிறு பட்டறைக்காரர் ஒரு துண்டுத் தகட்டை எடுத்துப்போய்க் குறைந்த கட்டணத்தில் சோதித்துக்கொள்ள ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் ஒரு கூடம் வேண்டும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கு இதற்குப் போவது நியாயம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதுவரை, பட்டறையிலேயே பாருங்கள். தகட்டில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். அதுதான் உருட்டிய திசை. சர்க்கிளில் அந்தத் திசையில் மார்க்கரால் ஓர் அம்பு போட்டு அடியுங்கள். அடுத்த சர்க்கிளை 45 பாகை திருப்பி வைத்து அடியுங்கள். காதுகள் அம்போடு சேர்ந்து திரும்பினால் தகடு காரணம். டையில் அதே இடத்தில் நின்றால் டையையோ தகட்டை அழுத்திப் பிடிக்கும் வளையத்தையோ பார்க்க வேண்டும். தகடுதான் என்றால், மேடுகளின் சராசரி உயரத்திலிருந்து பள்ளங்களின் சராசரியைக் கழித்து, பள்ளச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். மேடு 42 மி.மீ., பள்ளம் 40 மி.மீ. என்றால் 5 சதவீதம். பழைய லாட்டில் மிச்சமிருக்கும் தகட்டிலும் இதே கணக்கைப் போட்டு, இரண்டு எண்களையும் தகடு விற்றவரிடம் காட்டுங்கள்.