ராட்சதப் பரங்கி விதை ஏன் தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகிறது?

ராட்சதப் பரங்கி விதை ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால், கூட்டுக்கு நறுக்கும் பரங்கியின் விதை அதன் பக்கத்தில் பொடிசாகத் தெரியும். நீளம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாது. ஓடும் தடிமன். குக்குர்பிட்டா மாக்சிமா என்ற இனம் இது. நம் பக்கத்து கோ-1, கோ-2 ரகப் பரங்கிகள் மோஸ்சாட்டா என்ற வேறு இனம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி பல வருடம் தேர்ந்தெடுத்து வளர்த்த 'அட்லாண்டிக் ஜெயன்ட்' வம்சத்திலிருந்துதான் இன்றைய சாதனைக் காய்கள் வருகின்றன. 2023-ல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த தோட்டக்கலை ஆசிரியர் ஒருவர் விளைவித்த காய் சுமார் 1,247 கிலோ. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் பேட்டன் இரட்டைச் சகோதரர்கள் 1,278.8 கிலோ காட்டி அதைத் தாண்டினார்கள். பெயர்பெற்ற காயின் விதை என்றால் ஒற்றை விதையே ஏலத்தில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகும். அதனால்தான் ஒரே ஒரு விதையை முளைக்கவைக்க இவ்வளவு சடங்கு.

அந்தச் சடங்கெல்லாம் குளிர்நாட்டில் எழுதப்பட்டது. ஏப்ரலிலும் பனி விலகாத ஊரில் விதைக்கு அடியில் மின்சார வெப்பப் பாய் விரிப்பார்கள்; ஐஸ் பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு அதில் வைப்பார்கள். அவர்கள் தேடுவது 29 முதல் 32 டிகிரி செல்சியஸ். வடசென்னையின் வியாசர்பாடியில், தண்டையார்பேட்டையில், வருடத்தின் பெரும்பகுதி அந்தச் சூடு சமையலறை அலமாரியிலேயே கிடைக்கிறது. பரங்கி விதை 15 டிகிரிக்குக் கீழே அசையாது, 38-ஐத் தாண்டினாலும் முளைக்காது. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்தால் இந்த மேல் எல்லையைத்தான் தொடுவோம். மற்றபடி இங்கே விதை கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் காற்றில்லாமல்தான்.

காய்ந்த விதை தண்ணீரை மூன்று கட்டமாகக் குடிக்கிறது. முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று உறிஞ்சுவது வெறும் இயற்பியல். செத்த விதையும் அதே அளவு ஊதும். ஆகவே உப்பிவிட்டது என்பதை வைத்து உயிர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பிறகு உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே ஒன்றும் நடக்காததுபோல் தெரியும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் உள்ளே வேலை மும்முரம்: உலர்ந்து கிடந்தபோது பழுதான டிஎன்ஏவைச் சரிசெய்வது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்களை ஓடவைப்பது, நொதிகளை உருவாக்குவது. மூன்றாவது கட்டத்தில் கூர்நுனி வழியே முளைவேர் வெளியே வரும்.

இரண்டாம் கட்டத்துக்கு மூச்சு வேண்டும், அதுவும் நிறைய. நெல்லின் சேமிப்பு மாவுச்சத்து. ஆக்சிஜன் இல்லாமலேயே அதை ஓரளவு நொதிக்கவைத்துச் சக்தி எடுக்கலாம். அதனால் நெல் தண்ணீருக்கடியிலும் முளை விடும். பரங்கிப் பருப்பிலோ ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்தக் கொழுப்பை உடைத்துச் சர்க்கரையாக மாற்றும் வேலை ஆக்சிஜனை நம்பியிருக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் கரைந்திருப்பது ஏழரை மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாக ஆக இது இன்னும் குறையும். போதாததற்குத் தண்ணீர் வழியாக ஆக்சிஜன் நகரும் வேகம் காற்றில் நகர்வதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. விதையைச் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப்படலம் நின்றாலே உள்ளே திணறல்.

விதைநெல்லை ராத்திரி முழுக்க ஊறப்போட்டுச் சாக்கில் கட்டிப் பழகிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் வடசென்னையில் ஏராளம். அதே கைப்பழக்கத்தில் பரங்கி விதையையும் ஒரு நாள் முழுக்க டம்ளரில் போட்டுவிடுகிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் போதும். மிதக்கும் விதை சொத்தை என்ற நெல் கணக்கும் இங்கே செல்லாது. பரங்கியில் ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையில் காற்று தங்கியிருப்பதால் நல்ல விதையே மிதக்கும்.

ஊறிய பிறகு டிஷ்யூ பேப்பரை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, அதில் விதையைச் சுற்றி, கொஞ்சம் காற்றோடு ஜிப் கவரில் போட்டு இருட்டான இடத்தில் வைக்கலாம். தினம் ஒருமுறை திறந்து மூடினால் காற்று மாறும். ஒன்று முதல் மூன்று நாளில் வேர் எட்டிப்பார்க்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் வடசென்னையில் முக்கியம். மீஞ்சூர், எண்ணூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்தது ஊரறிந்த கதை. உப்புள்ள போர் தண்ணீர் விதைக்குள் போகத் தயங்கும். உப்பு தண்ணீரைத் தன் பக்கமே பிடித்து வைத்துக்கொள்ளும். முளைப்பு தாமதமாகும், அந்த இடைவெளியில் பூஞ்சை முந்திக்கொள்ளும். மழைநீரோ கேன் தண்ணீரோ நல்லது. ஒரு விதைக்கு எவ்வளவு செலவாகிவிடப்போகிறது?

இனி ஓட்டைத் தேய்ப்பது. குளிர்நாட்டு வளர்ப்பாளர்கள் நகம் தேய்க்கும் அரத்தால் விதையின் விளிம்பைச் சுற்றித் தேய்ப்பார்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நைசான உப்புத்தாளும் அதே வேலையைச் செய்யும். ஓடு இரண்டு பாதியாகப் பிளப்பது அந்த விளிம்புத் தையலில்தான். அங்கே மெலிந்தால் நீர் சீக்கிரம் புகும், பிளப்பதும் சுலபம். ஆனால் கூர்நுனியைத் தொடவே கூடாது. முளைவேர் அதன் பின்னால்தான் இருக்கிறது. விளிம்பின் நிறம் மாறியதும் நிறுத்திவிட வேண்டும், பருப்பு தெரியும் வரை போகக்கூடாது. இதற்குக் கொடுக்கப்படும் முக்கியத்துவம் அதிகம் என்பது என் எண்ணம். தடித்த ஓடுள்ள, பழைய விதைக்குப் பலன் உண்டு. புது விதை தேய்க்காமலேயே முளைக்கும்; காயம்பட்ட ஓடு பூஞ்சைக்குத் திறந்த கதவு.

ஈரமும் சூடும் சேர்ந்த நம் காற்றில் பித்தியம் போன்ற நாற்றழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். காய்கறி விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்க்கிருமிகளை அடக்கும் நல்ல பூஞ்சை) என்பது தமிழ்நாட்டில் வழக்கமான சிபாரிசு. ஒற்றை விதைக்கு விரல்நுனியில் எடுத்த தூள் தாராளம்.

வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வந்ததும் மாற்றிவிட வேண்டும். விட்டால் காகிதத்துக்குள் ஊடுருவி, பிரிக்கும்போது அறுந்துவிடும். அடியில் ஓட்டை போட்ட டீக்கடைப் பேப்பர் கப், தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை, இரண்டு சென்டிமீட்டர் ஆழம். விதையைப் படுக்கைவாட்டில், வேர் கீழ்நோக்கி இருக்கும்படி வைப்பது நல்லது. காரணம் சுவாரசியமானது. வேரும் தண்டும் சேரும் இடத்தில், கீழ்ப்பக்கமாக ஒரு சின்ன முளைக்குச்சி கிளம்பும். அது ஓட்டின் கீழ்ப்பாதியை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, தண்டு வளைந்து மேலெழுந்து வித்திலைகளை ஓட்டிலிருந்து உருவி எடுக்கும், செருப்பின் குதிகாலை இன்னொரு காலால் மிதித்துக் கழற்றுவதுபோல. இதை 1880-லேயே சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் விவரித்திருக்கிறார்கள். கீழ்ப்பக்கம் எது என்று விதைக்குச் சொல்வது புவியீர்ப்பு. 1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பரங்கியின் உறவான வெள்ளரி விதைகளை டிஸ்கவரி விண்கலத்தில் அனுப்பி முளைக்கவைத்தபோது, குச்சி இரண்டு பக்கமும் வளர்ந்தது. அதாவது இரு பக்கமும் வளரும் திறன் விதைக்கு இயல்பாகவே உண்டு. பூமியில் புவியீர்ப்பு மேல்பக்கத்தைத் தடுத்துவிடுகிறது.

சில நாற்றுகள் ஓட்டைத் தொப்பியாக மாட்டிக்கொண்டே மேலே வரும். மேலாக விதைத்தாலும் மேல்மண் காய்ந்தாலும் இது நேரும். ஈரத் துணியை ஓட்டின் மேல் கொஞ்ச நேரம் வைத்து, அது இளகிய பின் விரலால் மெல்லப் பிரிக்கலாம்; காய்ந்திருக்கும்போது இழுத்தால் வித்திலை கிழியும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடலாம்: முளைப்புக்கு உதவும் இதே சூடு காய் பெருப்பதற்கு எதிரி. இரவிலும் வெக்கை குறையாவிட்டால் பகலில் இலை சேர்த்த சர்க்கரையைச் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடும். சாதனைக் காய்கள் குளுமையான இரவுகளில், ஒரு செடிக்கே பல நூறு சதுர அடி விட்டு வளர்க்கப்படுபவை. மாதவரம், மணலி பக்கம் மனை இருக்கிறவர்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில் விதைத்தால், ஜனவரியின் இருபது டிகிரியை ஒட்டிய இரவுகள் கொடிக்குக் கிடைக்கும். பிப்ரவரிக்குள் காய் பிடிக்கவைத்துவிட வேண்டும். அதற்குமேல் வெயில் ஏறிவிடும்.