மொத்தப் புள்ளி எத்தனை? கல்லூரி மாணவர்களை இழுக்கும் கூடைப்பந்துச் சந்தை

"நான் பெட் கட்டவில்லை, ட்ரேடிங் செய்கிறேன்." அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு மனநல ஆலோசனை தரும் எனக்குக் கூடைப்பந்து சீசன் வந்துவிட்டால் இது அடிக்கடி காதில் விழுகிறது. அவர்கள் பொய் சொல்வதில்லை. மனதார அப்படித்தான் நம்புகிறார்கள். அதனால்தான் எனக்குக் கவலை.

கல்ஷி போன்ற கணிப்புச் சந்தை ஆப்களில், "இரண்டு அணியும் சேர்ந்து 143.5 புள்ளிக்கு மேல் எடுக்குமா?" என்று ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்ற பக்கம் ஒரு காண்ட்ராக்ட், அதாவது ஒரு சீட்டு, 52 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தால் ஒரு டாலர் கிடைக்கும், எடுக்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆட்டம் முடியும்வரை விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நடுவிலேயே விற்றுவிடலாம். பெட்டிங் நிறுவனங்களில் பெரும்பாலான மாநிலங்கள் 21 வயது கேட்கின்றன. இங்கே 18 போதும். காரணம், தாங்கள் மத்திய அரசின் வாயிதா வர்த்தக ஆணையத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்பது இந்த நிறுவனங்களின் வாதம். நெவாடா, நியூ ஜெர்சி, மேரிலாந்து மாநிலங்கள் 2025 இல் இதை எதிர்த்து நோட்டீஸ் அனுப்பி, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. முதலாண்டு மாணவனோ அதற்குள் கணக்கைத் தொடங்கிவிடுகிறான்.

மொத்தப் புள்ளிச் சந்தையில் சிக்குபவர்கள் பெரும்பாலும் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள். எந்த அணி ஜெயிக்கும் என்று சொல்ல ஆட்டத்தின்மேல் பித்து வேண்டும், மொத்தப் புள்ளிக்கு எண்கள் போதும் என்று தோன்றுகிறது. ஓர் அணி எவ்வளவு வேகமாக ஆடுகிறது, நூறு வாய்ப்பில் எத்தனை புள்ளி எடுக்கிறது, பந்தை எறிய ஒவ்வொரு முறையும் கிடைக்கும் 30 வினாடி கெடுவில் (ஷாட் கிளாக்) எவ்வளவு நேரம் கடத்துகிறது என்றெல்லாம் எக்செலில் போட்டு வைத்திருப்பார்கள். ஷீட் நன்றாகவே இருக்கும். ஆனால் அதே எண்கள் எதிர்ப்பக்கம் வாங்குபவரிடமும் இருக்கின்றன, விலையிலும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன.

அடையாளங்களை மாற்றி ஒருவரின் இரவைச் சொல்கிறேன். 143.5 புள்ளிக்கு 'மேலே' என்ற பக்கம் 100 காண்ட்ராக்ட், 52 சென்ட் வீதம் வாங்கியிருந்தார். இரண்டு நிமிடம் மீதி இருக்கையில் ஸ்கோர் 70-63. இன்னும் 11 புள்ளி வேண்டும், விலையோ 30 சென்ட்டுக்கு இறங்கிவிட்டது. பயந்து விற்றுவிட்டார். அப்புறம், பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே ஃபவுல் செய்ய ஆரம்பித்தது. ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்குத் தடுப்பாரில்லாமல் பந்தை எறியும் வாய்ப்பு, ஃப்ரீ த்ரோ மேல் ஃப்ரீ த்ரோ. 78-70 இல் ஆட்டம் முடிந்தது, மொத்தம் 148. போனது 22 டாலரும் கட்டணமும்தான். ஆனால் அவர் மனதில் நின்றது "என் கணக்கு சரியாகத்தான் இருந்தது" என்பது. அடுத்த ஆட்டத்தில் 300 காண்ட்ராக்ட் வாங்கினார். தோற்றதைத் துரத்திப் பிடிக்கப் பார்ப்பது சூதாட்ட நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. மொத்தப் புள்ளிச் சந்தையில் கடைசி ஃபவுல் வரை எதுவும் முடிவதில்லை. ஓவர்டைம் வந்தால் அந்தப் புள்ளிகளும் சேரும். இந்தத் துரத்தலுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

கட்டணத்தையும் யாரும் பார்ப்பதில்லை. கல்ஷியின் வழக்கமான சூத்திரப்படி, 50 சென்ட்டில் 100 காண்ட்ராக்ட் உடனடி விலைக்கு வாங்கினால் 1.75 டாலர். அதே விலைக்கு விற்றால் இன்னொரு 1.75. ஒரு புள்ளிகூட விழாமல் 50 டாலரில் 7 சதவீதம் கரைந்துவிடும்.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ 2023 இல் நடத்திய ஆய்வில், 18 முதல் 22 வயதுக்குட்பட்டவர்களில் 58 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விளையாட்டுப் பந்தயத்தில் ஈடுபட்டதாகச் சொன்னார்கள். விளையாட்டுக் கணிப்புச் சந்தைகள் பரவுவதற்கு முந்தைய எண் அது. அதனால் "என் பிள்ளை அப்படியில்லை" என்று பெற்றோர் சொல்லும்போது நான் வாதாடுவதில்லை. மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள் என்கிறேன். ஆப் காட்டும் லாபக் கணக்கு வேண்டாம். அங்கே போன பணம் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு, இரவு எத்தனை மணிக்குப் போயிருக்கிறது? தோல்வி முடிந்த சில நிமிடங்களில் அடுத்த டெபாசிட் போயிருந்தால் அதுதான் எனக்கு முக்கியம், தொகை சின்னதாக இருந்தாலும்.

கடன் தெரியவந்ததும் மொத்தத்தையும் கட்டிக் கையில் பணமும் கொடுத்துவிடாதீர்கள், திட்டித் தீர்க்கவும் வேண்டாம். முதலில் கணக்கை மூடச் சொல்லுங்கள். அந்த வங்கிக் கணக்கை ஆப்பிலிருந்து துண்டியுங்கள். அமெரிக்காவுக்குள் 1-800-426-2537 என்ற சூதாட்ட உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், சொல்வது ரகசியமாக இருக்கும். பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்றில்லை, நீங்களே அழைத்துப் பேசலாம்.