டீசல் தீருது, எனர்ஜி எங்க போகுது?

குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம்னு எந்த துறைமுகத்துக்கு போனாலும் மீன் தொழிலுக்கு போற போட்டுக்கு டீசல் அடிச்சிட்டு இருப்பாங்க, கரைக்கு வந்தா டேங்க் காலி, மறுபடி அடிக்கணும். ஆனா ஸ்கூல் புக்ல எனர்ஜிய ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாதுன்னு போட்டிருக்கு. அழியாததுக்கு எதுக்கு திரும்ப திரும்ப துட்டு குடுக்கணும்? இத ஒரு பிள்ள கிளாஸ்ல கேட்டா அதட்டி உக்கார வைக்காதீங்க, ரொம்ப சரியான கேள்வி இது.

ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 3.6 கோடி ஜூல் இருக்கு (ஜூல்ங்கறது எனர்ஜிய அளக்குற அலகு), கரண்ட் பில் கணக்குல 10 யூனிட். எரிஞ்சதும் அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் புரொப்பல்லர சுத்துது, மிச்சம் புகையோடயும் எஞ்சின ஆத்துற தண்ணியோடயும் சூடா வெளிய போயிருது. புரொப்பல்லருக்கு போன பங்கும் கடல் தண்ணிய கலக்கி, சுழல் சுழலா ஓடி, தண்ணியோட தண்ணி உரசி கடைசில அதுவும் சூடுதான். இங்கிலாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல் 1840-கள்ல வெயிட்ட கீழ எறக்கி, அது இழுக்குற இழுப்புல தண்ணிக்குள்ள துடுப்ப சுத்தவிட்டு, தண்ணி எவ்வளவு சூடாகுதுன்னு அளந்தாரே, அதேதான் இங்கயும் நடக்குது. ஆக அந்த 3.6 கோடி ஜூல்ல ஒண்ணும் காணாம போகல, எல்லாம் கடல்லயும் காத்துலயும் இருக்கு.

அப்போ கடல்ல இருந்தே அத திருப்பி எடுத்துக்கலாமே? கணக்கு போட்டா ஆசையா இருக்கும். 9000 லிட்டர் கடல் தண்ணிய ஒரே ஒரு டிகிரி ஆறவிட்டா வெளிய வர்ற சூடு கிட்டத்தட்ட ஒரு லிட்டர் டீசலுக்கு சமம், 9000 லிட்டர்ங்கறது ஒரு டேங்கர் லாரி தண்ணி, போட்ட சுத்தி அது மாதிரி கோடிக்கணக்குல கெடக்கு. ஆனா எடுக்க முடியாது. சூட்டுல இருந்து வேலை வாங்கணும்னா சூடான இடம் ஒண்ணும் குளுந்த இடம் ஒண்ணும் வேணும், ரெண்டுக்கும் நடுவுல சூடு ஓடும்போதுதான் எஞ்சின் சுத்தும். இத 1824-லயே பிரெஞ்சு எஞ்சினியர் சாடி கார்னோ எழுதிட்டார். போட்டும் கடலும் ஒரே சூட்டுல இருந்தா ஓட்டமே கிடையாது. மேல் தண்ணி 28 டிகிரி, 1000 மீட்டர் ஆழத்துல 6 டிகிரின்னு வச்சு அந்த வித்தியாசத்துல எஞ்சின் ஓட்டினாலும் கொள்கை அளவுலயே நூத்துக்கு சுமார் 7 பங்குக்கு மேல தேறாது.

டீசல்ல இருந்தது ஒரே இடத்துல செறிவா இருந்த எனர்ஜி, கடல்ல இப்ப இருக்கறது கோடானுகோடி மூலக்கூறுகளுக்கு செதறிப்போன எனர்ஜி. இந்த செதறல அளக்கத்தான் ஜெர்மன் இயற்பியல் அறிஞர் கிளாசியஸ் 1865-ல என்ட்ரோபின்னு பேர் வச்சார். அதனால "டீசல் தீந்துச்சு, சக்தி போச்சு"ன்னு போட்டுக்காரர் சொல்றது எனக்கு தப்பாவே படல, வேலைக்கு ஆகுற எனர்ஜி தீந்துச்சுன்னுதான் அவர் சொல்றார், அது நிஜமாவே தீருது. இயற்பியல் மொத்தத்த எண்ணுது, நாம உபயோகப்படுறத மட்டும் எண்ணுறோம்.

உடம்பு விஷயத்துலயும் இந்த ரெண்டு கணக்கும் ஓடுது. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டி முடிச்சு ரெண்டு கையிலயும் வாளிய தூக்கிட்டு அசையாம நிக்கிறவங்கள பாருங்க, வாளி மேலயும் போகல கீழயும் போகல, அதனால இயற்பியல் கணக்குல வாளி மேல செஞ்ச வேலை பூஜ்யம். ஆனா கை கடுக்குது, வேர்க்குது. ஏன்னா தசைக்குள்ள இருக்குற புரத இழைகள் ஒண்ண ஒண்ணு பிடிச்சு இழுத்து, விட்டு, மறுபடி பிடிச்சுக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு பிடிக்கும் ஏடிபின்னு தசைக்கு எனர்ஜி குடுக்குற ஒரு மூலக்கூறு செலவு, அது அத்தனையும் சூடாத்தான் வெளிய வருது. அவங்க செஞ்ச வேலை வாளியில தெரியாது, வேர்வையில தெரியும்.

அப்புறம் சாயா. குடிச்சதும் எனர்ஜி வந்துச்சுங்கறோம், ஆனா சாயாவுல இருக்குற காஃபின் ஒரு ஜூல் கூட தர்றதில்ல, களைப்ப மூளைக்கு சொல்ற அடினோசின் உக்கார்ற இடத்துல இது போய் உக்காந்துக்கிடும், அவ்வளவுதான். உண்மையான எனர்ஜி அதுல போட்ட சீனியிலயும் பாலுலயும்தான், சீனி ஒரு கிராமுக்கு 4 கிலோ கலோரி. ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரிக்கு மரச்சீனி கிழங்கும் மீனும் சோறுமா சாப்பிட்டா அது 84 லட்சம் ஜூல், வெறும் 2.3 யூனிட் கரண்ட்! நாள் முழுக்க எரியற 100 வாட் குண்டு பல்பு அளவுலதான் ஒரு மனுஷன் ஓடுறான்.

பவர்னும் எனர்ஜின்னும் ஒண்ணா பேசுறதுதான் நிஜமா குழப்பம் தர்றது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கரண்ட் எடுக்குற காத்தாடி மேல மெகாவாட்னு சொல்றது பவர், அதாவது நல்ல காத்துல எவ்வளவு வேகமா கரண்ட் குடுக்கும்ங்கறது. யூனிட்தான் எனர்ஜி. காத்து வேகம் ரெட்டிப்பானா காத்துல வர்ற பவர் எட்டு மடங்கு ஆகும், அதனால மலைக் கணவாய் வழியா தென்மேற்கு காத்து பிச்சுக்கிட்டு வர்ற ஜூன் ஜூலைலயும், காத்து அடங்குன மாசத்துலயும் அதே காத்தாடி தர்ற யூனிட்டுக்கு சம்பந்தமே இருக்காது. எத்தன மெகாவாட்னு மட்டும் கேட்டா பதில் பாதிதான், வருஷத்துக்கு எத்தன யூனிட்னும் சேத்து கேளுங்க.