பணிப்பெயர்ச்சி: டாஸ்க் மைகிரேஷனுக்குத் தமிழில் என்ன?

புராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்தான் கோர்கள். ஒரு கோரில் ஓடும் வேலையை இயங்குதளம் இன்னொரு கோருக்கு மாற்றிவிடுவதுதான் டாஸ்க் மைகிரேஷன். மைகிரேஷனுக்கு மூலம் லத்தீனின் 'மிக்ராரே', இடம் மாறிப் போதல். எண்பதுகளின் தொடக்கத்தில் கணினிக்காரர்கள் இந்தச் சொல்லால் குறித்தது பெரிய குடிபெயர்வை. 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டெமோஸ்/எம்பி என்ற இயங்குதளம், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நினைவகத்தோடு சேர்த்து வேறொரு எந்திரத்துக்கு அனுப்பியது. ஒரே கணினிக்குள் பல புராசஸர்கள் வந்த பிறகு அதே சொல் இந்தச் சின்ன நகர்வுக்கும் ஒட்டிக்கொண்டது.

சின்ன நகர்வு என்றாலும் இலவசமில்லை. நினைவகம் பொது என்பதால் எதையும் நகலெடுக்க வேண்டாம்; ஒரு கோரின் வரிசையிலிருந்து இன்னொரு கோரின் வரிசைக்கு வேலை மாறுகிறது, அவ்வளவுதான். செலவு அப்புறம் தெரியும். பழைய கோரின் எல்1 கேஷில், அதாவது கோருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகத்தில், தரவு நாலைந்து சுழற்சியில் (புராசஸர் கடிகாரத்தின் துடிப்பில்) கிடைத்தது. புதிய கோரின் கேஷில் அது இல்லை. முதன்மை நினைவகம் வரை போனால் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் காத்திருக்க வேண்டும். இன்னும் பெரிய, சற்று மெதுவான எல்3 கேஷ் இரண்டு கோர்களுக்கும் பொதுவாக இருந்தால் இழப்பு குறைவு. ஒவ்வொரு புராசஸருக்கும் பக்கத்தில் தனி நினைவகம் இருக்கும் நூமா சர்வரில் வேறு சாக்கெட்டுக்கே, அதாவது வேறு புராசஸருக்கே, போய்விட்டால் மோசம்: வேலை இங்கே, அதன் நினைவகம் அங்கே.

அதனால்தான் லினக்ஸ் தயங்குகிறது. கடந்த அரை மில்லிநொடிக்குள் ஓடிய வேலையின் கேஷ் இன்னும் சூடாக இருக்கும், அதாவது அதன் தரவு அங்கேயே இருக்கும் என்று வைத்துக்கொண்டு, முடிந்தவரை அதை நகர்த்தாது. ஆனால் நகர்த்தாமலே இருப்பதும் தப்பு. ஒரு கோரில் கூட்டம் நெரிய, பக்கத்துக் கோர் சும்மா இருந்தால் என்ன லாபம்? லினக்ஸின் சுமைப் பகிர்வில் இருந்த பிழைகளால் நிஜமாகவே இப்படி நடந்ததை 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கேஷைப் பற்றி மட்டுமே கவலைப்படுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். 'பணிமாற்றம்' என்றால் தாசில்தாருக்கு வந்த ஆணை நினைவுக்கு வரும். தவிர, ஒரே கோரில் ஒரு வேலையை நிறுத்தி அடுத்ததை எடுக்கும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்சோடும் குழம்பும். 'செயலி மாற்றம்' உதவாது, செயலி என்றால் இன்று பலருக்கும் மொபைல் ஆப்தான். 'இடப்பெயர்ச்சி'யை இயற்பியல் பாடநூல் எடுத்துக்கொண்டுவிட்டது. 'புலம்பெயர்வு' மனிதர்களின் வலியைச் சுமக்கும் சொல், அதை ஒரு திரெட்டுக்கு (புரோகிராமில் தனியாக ஓடும் ஒரு இழைக்கு) தர எனக்கு மனமில்லை. மிஞ்சுவது 'பணிப்பெயர்ச்சி'. குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவதும் பலன் பிறகு தெரிவதும் சொல்லாமலே விளங்கும்.

கூடவே வரும், ஒரு வேலைக்கும் கோருக்கும் உள்ள ஒட்டுதலைக் குறிக்கும் 'அஃபினிட்டி'க்கு ஒரே சொல் போதாது. பழைய கோரிலேயே ஓடவிட ஷெட்யூலர் (எந்த வேலை எங்கே ஓடும் என்று முடிவுசெய்யும் இயங்குதளப் பகுதி) விரும்புவது 'நாட்டம்'. வேதியியலில் எலக்ட்ரான் நாட்டம் என்று ஏற்கெனவே படித்திருக்கிறோம். டாஸ்க்செட் கட்டளையால் நாமே ஒரு வேலையைக் குறிப்பிட்ட கோரோடு கட்டிவைப்பது நாட்டமல்ல, 'பிணைப்பு'.