லைட்டு எரிகிறது, வண்டி ஏன் கிளம்பவில்லை?

வள்ளியூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா வைத்திருந்த பழைய பெட்ரோல் அம்பாசடர், போன மாதம்தான் புது பேட்டரி போட்டாராம். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் ஊரைக் கூட்டுகிறது, ஆனால் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. நாலு பேர் தள்ளினால் உடனே கிளம்பிவிடுகிறது. மெக்கானிக் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார், மாற்றட்டுமா என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். ஹெட்லைட்டின் சாட்சியை இந்த வழக்கில் எடுத்துக்கொள்ளவே கூடாது. முதல் காரணம் உங்களுக்கே தெரிந்ததுதான்: 55 வாட் பல்பு இரண்டு எரிய 9 ஆம்பியர் போதும், நின்றுகிடக்கும் 1500 சிசி எஞ்சினை அசைக்க ஸ்டார்ட்டருக்கு முதல் நொடியில் 300 ஆம்பியருக்கு மேல் வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது காரணம். அந்த ஹெட்லைட் ஸ்டார்ட்டர் போகிற தெரு வழியாகப் போவதே இல்லை.

காரில் திரும்பி வரும் மின்சாரத்துக்குத் தனி ஒயர் கிடையாது, பாடித் தகரமே ஒயர். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் திருகியிருக்கும், ஹெட்லைட்டின் எர்த்தும் பாடியில்தான். ஸ்டார்ட்டர் மோட்டாரோ எஞ்சினில் இருக்கிறது, எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் சேர்க்க, சடை பின்னிய மாதிரி ஒரு செம்புப் பட்டை போட்டிருப்பார்கள், எர்த் ஸ்ட்ராப் என்று பெயர். ஸ்டார்ட்டருக்குள் போன அத்தனை ஆம்பியரும் இந்த ஒரு பாலத்தைத் தாண்டித்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

பாலம் போனால் என்ன ஆகும் என்பதை நான் உவரியில் பார்த்தேன். பேரிலேயே உவர்ப்பு இருக்கிற ஊர், கடல்காற்றில் ஜன்னல் கம்பியே இற்றுப்போகும். சித்தப்பாவின் அம்பாசடரில் திசையன்விளைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும், விடிகாலை, பட்டுவேட்டியோடு உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார், டக். மறுபடி டக். குளிர்ந்த எஞ்சின் ஆயிற்றே என்று, பெட்ரோல் கலவையைக் கூட்டித் தரும் சோக் குமிழைப் பிடித்தபடியே மூன்றாவது தடவை அழுத்திப் பிடித்தார் பாருங்கள், கையை உதறிக்கொண்டு "ஏலே, இது கொதிக்குதுலே!" என்று கத்தினார். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் தீய்ந்த வாடை.

ஸ்டார்ட்டருக்கும் சோக்குக்கும் என்ன சம்பந்தம்? யோசித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சினிலிருந்து பாடிக்கு உலோகத்தாலேயே போகிற இன்னொரு சாமான் சோக் கேபிள். ஒரு முனை எஞ்சின்மேல் இருக்கும் கார்புரேட்டரில், மறுமுனை டேஷ்போர்டு தகரத்தில். எர்த் ஸ்ட்ராப் முனை அரித்துப் பச்சை பூத்துப்போனதால், ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆற்றுப்பாலம் இடிந்த ஊரில் லாரிகள் ஒற்றையடிப் பாதையில் புகுந்த மாதிரி இந்த மெல்லிய இரும்புச் சுருள் வழியாகப் புறப்பட்டுவிட்டது. இரும்பு செம்பைவிட மோசமான கடத்தி, அதிலும் மெலிசு, சூடாகாமல் என்ன செய்யும்.

ஒரு கணக்கு போடலாம். நல்ல வண்டியில், மோட்டார் சுற்றாமல் நிற்கும் நொடியில், சுற்று முழுவதற்கும் தடை 0.035 ஓம் என்று வையுங்கள். 12 வோல்ட்டில் 340 ஆம்பியர் பாயும். இப்போது கெட்டுப்போன எர்த் வழி 0.05 ஓம் கூட்டுகிறது. மின்னோட்டம் சுமார் 140 ஆம்பியருக்கு விழுந்துவிடும், பேட்டரி எவ்வளவு புதிதானாலும் அதற்கு மேல் கொடுக்க முடியாது. அந்த 140-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 7 வோல்ட், அதாவது பாதிக்கு மேல் அங்கேயே காலி. அங்கே எழும் சூடு கிட்டத்தட்ட 980 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டி!

'டக்' சத்தம் மட்டும் எப்படி வருகிறது? சித்தப்பா வண்டியில் சோலனாய்டு, அதாவது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச், தனியாகப் பாடியில் திருகியிருக்கும், அதன் சுருளுக்குப் பாடி எர்த்தே போதும், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. தள்ளினால் கிளம்புவதற்கும் இதே கதைதான்: பெட்ரோலைப் பற்றவைக்கும் இக்னிஷனுக்குத் தேவை 4 ஆம்பியர் சொச்சம், அதை ஒற்றையடிப் பாதையே சுமந்துவிடும்.

உவரிக்கு வந்த மெக்கானிக் மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து ஸ்ட்ராப்பின் இரண்டு முனையிலும் தொட்டுக் காட்டினார். "பீப் அடிக்குதுல்லா அண்ணாச்சி, ஒயர் நல்லாத்தான் இருக்கு. பேட்டரி போயிட்டு." அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே 0.05 ஓமைவிடத் தடை அதிகம், தராசுத்தட்டே கால் கிலோ இருக்கும்போது அதில் கடுகை நிறுத்து என்ன தெரியப்போகிறது? இங்கே ஓமை அளக்கக் கூடாது, ஓட்டம் பாயும்போது வோல்ட்டை அளக்க வேண்டும். பள்ளியில் நிக்ரோம் கம்பியை வைத்து ஓம் விதிக்குக் கோடு போட்டு மதிப்பெண் வாங்கினோமே, அது இதற்குத்தான் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பறைக்குப் பெரிய திரை வாங்கும் காசில் ஆளுக்கொரு மல்டிமீட்டரும் ஒரு பழைய ஸ்டார்ட்டரும் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது என் கட்சி.

சரி, சோதனை. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, வண்டி கிளம்பிவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்வின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல, கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் நடுவிலேகூட திருடன் இருப்பான். மறுமுனை எஞ்சினில், பெயிண்ட் இல்லாத இடத்தில். இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சுத்தம். சித்தப்பா வண்டியில் 6-க்கு மேல் காட்டியது.

அன்று கல்யாண அவசரம். சித்தி ஏற்கெனவே நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள், புது பேட்டரிமேல் யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்று. எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை இல்லை, சிட்ரிக் அமிலத்தில் உண்டு. ஒரு பழத்தை எடுத்து அரிந்து, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் ஸ்ட்ராப் முனையைத் தேய்த்தேன், பச்சை போய்ச் செம்பு தெரிந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, பாடியில் துருவை உப்புத்தாளால் உரசி, போல்ட்டை இறுக்கினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சித்தி இன்றைக்கும் பழம்தான் வண்டியைக் கிளப்பியது என்கிறாள், முழுக்க மறுக்கவும் வழியில்லை.

வள்ளியூர் அண்ணாச்சி, மீட்டர் இல்லையென்றால் ஒரு தடித்த ஜம்பர் கேபிளைப் பேட்டரி நெகட்டிவ்விலிருந்து நேராக எஞ்சினுக்குப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். சுற்றினால் புது ஸ்ட்ராப் ஒன்று வாங்கி, இறுக்கிய பின் இரண்டு முனையிலும் வாஸ்லின் தடவிவிடுங்கள். சுற்றாவிட்டால் பாசிட்டிவ் பக்கக் கேபிள்களையும் சோலனாய்டின் உள் தொடுமுனைகளையும் இதேபோல் அளந்து பாருங்கள். அதெல்லாம் சுத்தம் என்றால் அப்புறம் ஸ்டார்ட்டரைக் கழற்றலாம், பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அதற்கும் முழு மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை.