இம்ப்ரொவைசேஷன்: மேம்படுத்தல் அல்ல

நாடகப் பட்டறைகளிலும், இப்போது ஆசிரியர் பயிற்சிகளிலும் அடிக்கடி காதில் விழும் சொல் இது. எழுதிவைத்த வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. மேடையில் நிற்கும்போதே பேச்சையும் கதையையும் உண்டாக்கிக்கொண்டு போவது. இதை ‘மேம்படுத்தல்’ என்று தமிழாக்கியிருப்பதை இரண்டு மூன்று இடங்களில் பார்த்துவிட்டேன். தவறு. ‘இம்ப்ரூவ்’ வேறு, ‘இம்ப்ரொவைஸ்’ வேறு. முன்னது லாபம் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பின்னதற்கு வேர் லத்தீன்: ‘இன்’ என்றால் இல்லை, ‘ப்ரோ’ முன்னால், ‘விதேரே’ பார்த்தல். முன்கூட்டிப் பார்க்காதது. (வீடியோவும் விசாவும் அதே ‘விதேரே’யின் பிள்ளைகள்தான்.)

இதைப் பயிற்சியாகக் கட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வயோலா ஸ்போலின். 1930களின் கடைசியில் சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது, பாடம் எடுப்பதற்குப் பதில் விளையாட்டுகளை வைத்தார். அவற்றைத் தொகுத்து 1963இல் நூலாக்கினார். அவர் மகன் பால் சில்ஸ் 1959இல் நண்பர்களோடு தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ நகைச்சுவை நாடகக் குழு அந்த விளையாட்டுகளின் மேல் எழுந்ததுதான்.

சரி, நம் பக்கம் என்ன இருக்கிறது? ராமநாதபுரம் கரையோரத்தில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதுச்சரக்கு அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் மூன்றாவது ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. கதை தெரியும், பாட்டு தெரியும். இடையில் வரும் பேச்சு அன்றைக்கு அந்த மேடையில் பிறக்கும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டத்தைப் பாருங்கள். மறுத்துப் பேசுவதுதான் வேலை, ஆனாலும் எதிராளி வீசிய கேள்வியைக் கீழே விழவிடாமல் பிடித்துத் திருப்பி வீச வேண்டும்.

இம்ப்ரொவைசேஷன் பயிலும் நடிகர்களுக்கு முதலில் கற்றுத்தருவதும் அதைத்தான்: மற்றவர் சொன்னதை ஏற்றுக்கொள், மேலே ஒன்று சேர். ஆங்கிலத்தில் ‘யெஸ், அண்ட்’ என்பார்கள். நாம் கதை கேட்கும்போது சொல்கிறோமே, ‘ஆமா, அப்புறம்?’ என்று. அதேதான்.

மண்டபம் பக்கம் ஒரு மாலைநேர வகுப்பில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கைமாற்றி விளையாடினார்கள். கைக்கு வந்தால் அதைச் சிரட்டை அல்லாத வேறொன்றாகக் காட்ட வேண்டும். ஒருவனுக்கு அது போன், அடுத்தவனுக்கு ஆமை. வாசிக்கச் சொன்னால் புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளும் ஒரு சிறுமி அதைக் கண்ணில் வைத்து, கன்னத்தை உப்பி, குனிந்தாள். அவள் அம்மா பாசி எடுக்கக் கடலுக்குள் போகிறவர்.

“அத்தே, கீழ என்ன தெரியுது?” என்றான் பக்கத்துப் பையன்.

“பாசி கொஞ்சந்தான். ஒரு மீனு என் வளையலைக் கேக்குது.”

“ஆமா, அப்புறம்?”

“குடுத்தா பாசி கெடக்குற எடத்தைக் காட்டுறேங்குது.”

மீனோடு பேரம் ஐந்து நிமிடம் ஓடியது. அவள் அவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. ‘அல்லல் நீத்த உவகை’, அதாவது துன்பம் கலவாத மகிழ்ச்சி, பிறக்கும் வழிகள் நான்கில் ஒன்றாகத் தொல்காப்பியம் விளையாட்டைச் சேர்த்திருப்பது ஏனென்று அந்தத் திண்ணையில் எனக்கு விளங்கியது.

இனி தமிழ்ச்சொல். இசையில், பாடகர் அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவதற்கு ‘மனோதர்மம்’ என்ற சொல் இருக்கிறது. அது ராகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அங்கேயே இருக்கட்டும். நினைத்தவுடன் பாடுவது ஆசுகவி. அதைப் பார்த்து ‘ஆசுநடிப்பு’ என்று ஆக்கலாம்தான், ஆனால் ஆசு என்றால் குற்றம் என்றும் பொருள் உண்டு, எந்த நடிகர் ஒப்புக்கொள்வார்? ‘உடனடி நடிப்பு’ என்றால் காப்பித்தூள் வாசம் அடிக்கிறது.

நான் எழுதுவது ‘உடன்புனைவு’. ‘உடனே’ என்பதில் இருக்கும் உடன் வேகம். ‘உடன்பிறப்பு’ என்பதில் இருக்கும் உடன் சேர்க்கை. அந்தச் சிறுமிக்கு இரண்டும் வேண்டியிருந்தது: யோசிக்க நேரம் தராத சிரட்டையும், ‘அத்தே’ என்று கூப்பிட ஒரு பையனும். வினையாக வேண்டுமென்றால் உடன்புனைதல். ‘இம்ப்ரொவ் கேம்’ என்பதற்கு உடன்புனைவு விளையாட்டு.

பிள்ளைகளிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு அது இன்னும் ‘சிரட்டை வெளையாட்டு’தான்.